முதல் டிராக் கார்: 450 குதிரைத்திறனா, 1,050 கிலோவா?

கணக்குத் துறையில் வேலை பார்க்கும் 39 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். போன பிறந்தநாளுக்கு அவர் கணவர் ஒரு டிராக் டேயில் (பந்தயத் தடத்தில் அவரவர் காரைப் போட்டியில்லாமல் ஓட்டிப் பார்க்கும் நாள்) இடம் பதிவு செய்து கொடுத்தாராம். வீட்டு ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொண்டு பயந்துகொண்டே போனவர், சாயங்காலம் இறங்க மனசில்லாமல் இறங்கியிருக்கிறார். அப்புறம் இன்னும் இரண்டு முறை போய்விட்டார். இப்போது டிராக்குக்கென்றே சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கிறார்.

அவர் முன்னால் மூன்று வழிகள். முதலாவது, தம்பி கண்டுபிடித்துக் கொடுத்த செகண்ட் ஹேண்ட் கார்: நான்கு கதவு, டர்போ, 450 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை, எடை 1,700 கிலோ. இதற்குச் சேமிப்பு போதாது, கடன் வாங்க வேண்டும். இரண்டாவது, 2007-ஆம் ஆண்டு போர்ஷ கேமன். சேமிப்பு முழுவதும் அதற்கே போய்விடும். மூன்றாவது, மாஸ்டா எம்எக்ஸ்-5 அல்லது டொயோட்டா ஜிஆர்86. இதை வாங்கினால் கையில் கொஞ்சம் மிஞ்சும். "சின்னக் காரை வாங்கினால் ஆறு மாதத்தில் அலுத்துவிடும்" என்பது தம்பியின் வாதம். கணவர் "உன் விருப்பம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பத்து வயது மகன் பெரிய காரின் படத்தைத் தன் அறைச் சுவரில் ஒட்டிவிட்டான்.

கடிதத்தில் அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதுபோல் எழுதியிருக்கும் சில விஷயங்கள் இவை: நான்கு சக்கர இழுவை இருந்தால் பாதுகாப்பு. இது பந்தயம் இல்லை என்பதால் வழக்கமான இன்சூரன்ஸே போதும். டயரையும் பிரேக்கையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எலக்ட்ரானிக் உதவிகளை அணைத்தால்தான் உண்மையாக ஓட்டக் கற்க முடியும். கடைசி வரி இப்படி முடிகிறது: "பயந்துபோய் ஒரு சின்னக் காரை வாங்கிவிட்டுப் பிறகு வருத்தப்படக் கூடாது. சொல்லுங்கள், எதை வாங்கட்டும்?"

பதில் தருபவர் டிராக் ஓட்டுநர் பயிற்சியாளர், அதற்கு முன் ஒர்க்‌ஷாப் பொறியாளர்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்காதீர்கள். 450 குதிரைத்திறன் கார் வேண்டாம். எம்எக்ஸ்-5, ஜிஆர்86 இரண்டில் உங்களுக்குப் பொருந்துவதை வாங்குங்கள். அதற்கும் முன்னால், உங்கள் வீட்டு ஹேட்ச்பேக்கையே இன்னும் சில மாதங்கள் ஓட்ட முடியுமா என்று பாருங்கள். இப்படிச் சொல்வது உங்கள் தைரியத்தைச் சந்தேகித்து அல்ல. காருக்குள் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. அங்கிருந்து பார்த்தால், சின்னக் காரில் வருபவர்கள் பயந்தவர்களாகத் தெரிவதில்லை. அன்றைக்கு அதிக லேப் (தடத்தின் முழுச் சுற்று) ஓட்டியவர்கள் பெரும்பாலும் அவர்களாகத்தான் இருப்பார்கள். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான்: எந்தக் கார் உங்களுக்கு அதிக லேப் கொடுக்கும்?

நீங்கள் கணக்கு பார்ப்பவர் என்பதால் ஒரு கணக்கிலேயே தொடங்குகிறேன். ஒரு நீண்ட நேர்ச்சாலை, அதன் முடிவில் 80 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டிய ஒரு வளைவு. 1,700 கிலோ எடையும் 450 குதிரைத்திறனும் உள்ள கார் அங்கே 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேர்கிறது என்று வையுங்கள். 1,050 கிலோ எம்எக்ஸ்-5 அதே இடத்துக்கு 160-ல் வருகிறது. இரண்டும் 80-க்கு இறங்க வேண்டும். இயக்க ஆற்றல் எடைக்கு நேர் விகிதத்திலும் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். பெரிய காரின் பிரேக் ஒரே மிதியில் சுமார் 22 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டியிருக்கும். சின்னக் காரில் அது சுமார் 7.8 லட்சம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஒரு லேப்பில் இப்படி நான்கைந்து இடங்கள் வரும். ஒவ்வொரு வளைவுக்கும் இடையில், சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க் ஆறுவதற்குக் கிடைப்பது சில விநாடிகள்தான்.

அந்த வெப்பம் டிஸ்க்குக்கும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடுக்கும் போகிறது, அங்கிருந்து பேடைத் தள்ளும் காலிப்பர் வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பேட் தாங்காவிட்டால், மிதி கல்லுபோல் கெட்டியாக இருக்கும், ஆனால் கார் நிற்காது. ஆயில் கொதித்து அதற்குள் ஆவிக்குமிழி வந்துவிட்டால் மிதி தளர்ந்து தரைவரை போகும். இரண்டாவதுதான் பயங்கரமானது, முன்னறிவிப்பு மிகக் குறைவு. பெரிய கார்களுக்கு அதற்கேற்ற பெரிய பிரேக் இருக்கிறதே என்று தம்பி கேட்பார். இருக்கிறது. அவை சாலையில் ஒருமுறை அவசரமாக நிறுத்துவதற்கு அருமையானவை. இருபது நிமிடம் விடாமல் மிதிப்பது வேறு விஷயம். அதோடு டர்போ எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் சூடாகிவிட்டால், எஞ்சினைக் காப்பாற்றக் கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் அதன் ஆயில் வெப்பநிலையும் சேர்ந்துகொள்ளும். கனமான கார்களில் வருபவர்கள் மூன்று நான்கு லேப்பிலேயே ஒரு லேப் மெதுவாக ஓட்டிக் காரை ஆற வைக்க வேண்டியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் வாங்கியது 450 குதிரைத்திறன், கையில் கிடைப்பது சில நிமிடங்கள்.

வெப்பத்தை விடுங்கள், கற்றுக்கொள்வதற்கும் சின்னக் கார்தான் நல்லது. அதிக சக்தியுள்ள காரில் ஒரு வளைவைச் சொதப்பிவிட்டாலும், வெளியே வந்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் போதும், இழந்த நேரம் திரும்ப வந்துவிடும். சொதப்பியதே தெரியாது. 180 குதிரைத்திறன் காரில் அந்தச் சலுகை கிடையாது. வளைவுக்குள் கொஞ்சம் அதிகமாக வேகத்தை இறக்கிவிட்டால், அடுத்த வளைவு வரும்வரை அந்தத் தவறு உங்களோடு உட்கார்ந்து வரும். எங்கே பிரேக்கை விடுவது, எப்போது ஸ்டீயரிங்கை நேராக்குவது, கண் எங்கே பார்க்க வேண்டும் என்பதெல்லாம் உடம்பில் ஏறுவது இப்படித்தான். வேகமும் ஒரு காரணம். நேர்ச்சாலையின் முடிவில் 200-ல் வரும்போது யோசிக்க இருக்கும் நேரம் 160-ல் வரும்போது இருப்பதைவிடக் குறைவு. நான்காவது முறை டிராக்குக்கு வருபவருக்கு அந்தக் கொஞ்ச நேரம் பெரிய சொத்து.

இப்போது, நீங்கள் உறுதியாக நம்பும் ஒன்றை மெதுவாக அசைத்துப் பார்க்கிறேன். நான்கு சக்கர இழுவை காரை முன்னே தள்ளுவதற்கு உதவும். ஈரத்தில் வளைவிலிருந்து வெளியே வரும்போது அதன் அருமை தெரியும். ஆனால் அது பிரேக் போட உதவாது. வளைவுக்குள் நுழையும்போதும் உதவாது. எந்தக் காரும் நிற்பதும் திரும்புவதும் நான்கு டயர்களும் தரையைப் பிடிக்கும் அளவுக்குத்தான். முன்பக்கம் கனமான கார் வளைவில் மூக்கை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். அப்போது புதியவர்கள் ஸ்டீயரிங்கை இன்னும் அதிகமாகத் திருப்புவார்கள், முன் டயர் இன்னும் வதங்கும். பலர் தடத்தை விட்டு வெளியே போவது அதிக வேகத்தால்தான், எந்தச் சக்கரத்துக்கு இழுவை போகிறது என்பதால் அல்ல. அந்த வேகத்தை எளிதாகக் கொடுப்பதும் அந்த 450 குதிரைத்திறன் கார்தான்.

தம்பியின் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சிலருக்கு அலுக்கத்தான் செய்யும். ஆனால் ஆறு மாதத்தில் இல்லை. எம்எக்ஸ்-5 மட்டுமே ஓடும் பந்தயத் தொடர்களே இருக்கின்றன. வருடக்கணக்காக அதையே ஓட்டிக்கொண்டு, பத்தில் ஒரு விநாடிக்காகச் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். காரின் எல்லையைத் தொட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களோடு உட்கார்ந்து போனால், முக்கால்வாசிப் பேர் அதன் பிரேக்கின் எல்லையைக்கூட இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள். தம்பிக்கு ஒரு யோசனை: அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு நல்ல பயிற்சியாளர் எம்எக்ஸ்-5 ஓட்டும்போது பக்கத்தில் அவர் உட்காரட்டும். மற்றதை அவரே சொல்வார்.

மூன்று கார்கள், என் பார்வையில்

எம்எக்ஸ்-5 முதலில் வந்தது 1989-ல். இன்றைக்கு ஓடுவது நான்காவது தலைமுறை. 2015-ல் வந்தது, 2 லிட்டர் எஞ்சினோடு ஆயிரத்துச் சொச்சம் கிலோதான். திறந்து மூடும் கூரை, முன்னால் எஞ்சின், பின்சக்கர இழுவை, நல்ல கியர் லிவர். டயரும் பேடும் சின்னது, எடையும் குறைவு என்பதால் தேய்மானமும் குறைவு. குறை என்றால் இரண்டு. பழைய தலைமுறைகளில் கதவுக்குக் கீழே உள்ள பாகம் துருப்பிடித்திருக்கும், ஜாக்கி வைக்கும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அடுத்தது இடம். ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோய், போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். கொஞ்சம் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். அப்படியானால் அந்தக் கார் உங்களுக்கு இல்லை, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஜிஆர்86-ல் நிலையான கூரை உண்டு, 2.4 லிட்டர் எஞ்சின், சுமார் 230 குதிரைத்திறன், எடை 1,275 கிலோ அளவில். பின் இருக்கை பெயருக்குத்தான். ஆனால் அதை மடக்கிவிட்டால் நான்கு டயர்களை உள்ளே வைத்துக்கொண்டு போகலாம், டிராக்குக்குப் போகிறவருக்கு இது பெரிய வசதி. இதன் எஞ்சினில் நீண்ட வலது வளைவுகளில் ஆயில் அழுத்தம் இறங்குவதை உரிமையாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சுவதால் வரும் சிக்கல் இது. சாதாரண டயரோடு தொடங்கும் புதியவருக்கு உடனே கவலை இல்லை. ஒட்டும் டயர் போட்டு வேகம் கூடும்போது இதற்கென்று வரும் மாற்றங்களைப் பற்றி ஒரு மெக்கானிக்கிடம் பேசுங்கள். ஆயில் அளவை மேல் கோட்டிலேயே வைத்திருங்கள். இதன் முந்தைய தலைமுறை, 2012-ல் வந்தது, 2 லிட்டர், 200 குதிரைத்திறன். பட்ஜெட் இடித்தால் அதுவும் தப்பில்லை.

கேமன்தான் என்னையும் இழுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எஞ்சின் நடுவில், எடை சமமாக, திரும்பச் சொன்ன உடனே திரும்பும். ஆனால் 2007 மாடல் என்கிறீர்கள். 2008 வரை வந்த அந்த எஞ்சின்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் என்ற ஒரு பாகம் உண்டு. அது போனால் எஞ்சினே போகலாம். 3.4 லிட்டர் எஞ்சினில் சிலிண்டர் சுவரில் கீறல் விழும் பிரச்சினையும் தெரிந்ததே. 2009 மாடலில் வந்த புது எஞ்சினில் அந்த ஷாஃப்டே கிடையாது. எல்லாக் காருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. சேமிப்பு முழுவதையும் காரில் போட்டுவிட்டு, அது ஒருநாள் எஞ்சின் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது என்பதுதான் என் கவலை. இன்னொன்று: நடு எஞ்சின் கார், வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தால் பின்பக்கம் சட்டென்று சுற்றிவிடும். பயத்தில் எல்லாரும் செய்வது அதைத்தான். இரண்டாவது காராகக் கேமனை வாங்குங்கள், நானே பாராட்டுவேன்.

உங்கள் ஹேட்ச்பேக்கை மறந்துவிடாதீர்கள். நல்ல பேட், புது பிரேக் ஆயில், ஒரு நாள் பயிற்சியாளர். இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு எந்தக் காரின் விலையைவிடவும் மிகக் குறைவு. முன்சக்கர இழுவைக் காரில் பிரேக்கை மெதுவாக விட்டுக்கொண்டே வளைவுக்குள் போவதைக் கற்றுக்கொண்டால், பின்னால் எந்தக் காரிலும் அது உதவும்.

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் நினைப்பது தவறு

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சாலைக்காக எடுக்கும் பாலிசிகளில் பெரும்பாலானவை பந்தயத்தை மட்டும் விலக்குவதில்லை. டிராக்கில் ஓட்டுவது, வேக ஓட்டம், ஓட்டுநர் பயிற்சி என்று ஒரு முழு வரியையே விலக்குகின்றன. நேரம் குறிக்கவில்லை, பரிசு இல்லை என்ற வாதம் அங்கே நிற்காது. உங்கள் பாலிசியின் விலக்குகள் பகுதியை முழுவதும் படியுங்கள். அப்புறம் நிறுவனத்துக்கு எழுத்தில் ஒரு கேள்வி அனுப்புங்கள்: "மூடிய தடத்தில், நேரம் குறிக்காத ஓட்டத்தில் என் காருக்கு ஏற்படும் சேதம் இதில் அடங்குமா?" தொலைபேசியில் ஒருவர் "அடங்கும் மேடம்" என்று சொன்னால் அதற்கு மதிப்பில்லை, எழுத்தில் வர வேண்டும். ஒரு நாளுக்கு மட்டும் தனியாக டிராக் இன்சூரன்ஸ் விற்கும் நிறுவனங்கள் சில நாடுகளில் இருக்கின்றன. உங்களுக்குக் கிடைத்தால் நல்லது. அதிலும் முதலில் நீங்கள் தாங்க வேண்டிய தொகை எவ்வளவு என்று பாருங்கள், அது பெரிதாகவே இருக்கும்.

நுழைவாயிலில் நீங்கள் கையெழுத்துப் போடும் பத்திரத்தையும் ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். பொதுவாக அதில் இருப்பது: உங்கள் கார் சேதத்துக்கு நீங்களே பொறுப்பு. இன்னொருவர் வந்து இடித்தாலும் அவரிடம் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள். தடுப்புச் சுவரைச் சேதப்படுத்தினாலோ தடத்தில் ஆயில் கொட்டினாலோ அதற்கான செலவை உங்களிடம் கேட்கலாம். இதில் எது உங்கள் நாட்டுச் சட்டப்படி செல்லும், எது செல்லாது என்பதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். நான் சொல்ல வருவது, கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள் என்பதே.

இங்கேதான் கடன் விஷயம் வருகிறது. கடனில் வாங்கிய கார் டிராக்கில் நொறுங்கி, இன்சூரன்ஸும் கைவிட்டால், காரில்லாமல் தவணை மட்டும் மாதாமாதம் வரும். டிராக் காருக்கு நான் எல்லாரிடமும் வைக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. இன்று மதியம் இந்தக் கார் முழுவதும் போய்விட்டால், வயிறு எரியும், அழுகை வரும், ஆனால் வீட்டு வாழ்க்கை மாறாது என்று சொல்ல முடியுமா? முடிந்தால் வாங்குங்கள். இந்தக் கேள்வியை உங்கள் கணவரிடமும் அப்படியே கேளுங்கள். "உன் விருப்பம்" என்பதற்குப் பின்னால் அவர் சொல்லாமல் வைத்திருப்பது என்ன என்று அப்போது தெரியும். தடையாக இருக்க வேண்டாம் என்றுதான் அவர் பேசாமல் இருக்கிறார் என்று தோன்றுகிறது. பரிசாக இடம் பதிவு செய்து கொடுத்தவர் அல்லவா.

வாரன்டி மீதமிருக்கும் காராக இருந்தால் அதன் நிபந்தனைகளையும் பாருங்கள். டிராக்கில் ஏற்படும் பழுதைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. இப்போதைய கார்களின் கம்ப்யூட்டர் எஞ்சின் எவ்வளவு சுற்றியது என்பதையெல்லாம் பதிந்து வைக்கிறது. வாங்கும்போது இதே வசதி உங்களுக்குச் சாதகம். போர்ஷ கார்களில் எல்லை மீறிச் சுற்றிய பதிவை ஒர்க்‌ஷாப்பில் எடுத்துக் காட்டச் சொல்லலாம். ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்குப் போவதற்குப் பதில் இரண்டில் தள்ளிவிட்ட பழைய உரிமையாளர் அதில் மாட்டிக்கொள்வார்.

பிறகு பார்த்துக்கொள்ள முடியாதவை

டயரையும் பிரேக்கையும் பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் சக்தி, சஸ்பென்ஷன், பெரிய ஸ்பாய்லர், இவற்றை எத்தனை வருடமும் தள்ளிப் போடலாம். பிரேக் ஆயிலை ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்தின்படி புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அதே தரம் கேட்கும் எல்லை வெறும் 155. பழைய ஆயிலோடு டிராக்குக்குப் போவது என்பது இந்த இரண்டாவது எண்ணை நம்பிப் போவது. பந்தயத்துக்கான ஆயில்கள் புதிதாக இருக்கும்போது 300 டிகிரிக்கு மேல் தாங்கும், ஆனால் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். டாட் 5 என்று ஒன்று உண்டு, அது சிலிகான் வகை, இவற்றோடு சேராது. பெயரைப் பார்த்து ஏமாந்து ஊற்றிவிடாதீர்கள்.

பேடை நல்ல வெப்பம் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். ஆனால் முழுப் பந்தயப் பேட் வேண்டாம். அது குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது. காலையில் டிராக்குக்கு அதே காரில் போகிறவருக்கு அது ஆபத்து. டயருக்கு இப்போதைக்கு நல்ல சாலை டயர் போதும். எல்லையை நெருங்கும்போது அது கத்தும், அந்தச் சத்தம் ஒரு நல்ல ஆசிரியர். அதிகமாக ஒட்டும் டயர் அந்தச் சத்தம் இல்லாமலே திடீரென்று விட்டுவிடும். ஓடி வந்த உடனே, சூடு ஆறும் முன் காற்றழுத்தத்தை அளந்து சரிசெய்யுங்கள். குளிர்ந்தபோது வைத்த அளவு சூட்டில் நன்றாக ஏறியிருக்கும். அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பற்றியும் ஒரு வார்த்தை: தொழிற்சாலை அமைப்பில் டயரின் வெளி விளிம்பு டிராக்கில் சீக்கிரம் கரையும், சக்கரத்தின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் உள்ளே சாய்த்து வைத்தால் டயரும் மிஞ்சும், காரும் திரும்பும்.

ஆகவே காருக்கென்று வைத்திருக்கும் பணத்தில் ஒரு நல்ல பங்கை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்துக்குக் கார் தேடுங்கள். பெரிய காரை ஒதுக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். அதன் டயர் அகலம், பேட் பெரிது, டிஸ்க் விலை அதிகம், எடை காரணமாக எல்லாம் சீக்கிரம் தேயும். கார்பன் செராமிக் டிஸ்க் இருந்தால் இன்னும் மோசம். டிராக்குக்குப் போகும் பலர் அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு இரும்பு டிஸ்க் போட்டுக்கொள்கிறார்கள்.

எம்எக்ஸ்-5 என்று முடிவானால் ரோல் பார் கேளுங்கள், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு அது. இருக்கைக்குப் பின்னால் தொழிற்சாலையில் வரும் வளையங்களை நம்பி, ஹெல்மெட் போட்ட தலையோடு கூரையில்லாத காரில் டிராக்குக்குப் போக வேண்டாம். பல டிராக்குகள் அனுமதிக்கவும் செய்யாது. ரோல் பார் உச்சிக்கும் முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கும் நடுவில் ஒரு நீளக் குச்சியை வையுங்கள். ஹெல்மெட் அந்தக் குச்சியைத் தொடக் கூடாது. ஹெல்மெட் வாங்கும்போது கார் பந்தயத்துக்கான ஸ்னெல் எஸ்ஏ தரம் பாருங்கள். எம் என்பது மோட்டார் சைக்கிளுக்கானது, அதில் நெருப்பைத் தாங்கும் உள்துணிக்கான சோதனை இல்லை. பந்தய பெல்ட் மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளும் ஆசை வேண்டாம். கார் கவிழ்ந்து கூரை இறங்கினால் சாதாரண பெல்ட்டில் உடம்பு ஒரு பக்கம் சாயும், பந்தய பெல்ட்டில் நிமிர்ந்தே மாட்டிக்கொள்ளும். ரோல் பாரும் கழுத்துப் பாதுகாப்பும் இருந்தால்தான் அது.

நான்கு கதவு இருந்தால் வீட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே காராக வைத்துக்கொள்ளலாமே என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பின்னால் மகன் உட்காரும் காரில் ரோல் பாரை நான் போட மாட்டேன். ஹெல்மெட் இல்லாத தலைக்கு அந்த இரும்பே எதிரி. மேலும் திங்கள்கிழமை காலை பள்ளிக்குப் போகவேண்டிய காருக்கு ஞாயிறு மாலை பேட் தீர்ந்து போயிருந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு வேலைக்கும் ஒரே கார் என்றால், அது உங்கள் ஹேட்ச்பேக்கைப் போன்ற ஒன்றாக, பெரிதாக எதையும் மாற்றாமல் இருக்கட்டும். மகனைக் கூட்டிக்கொண்டு ஓட்டலாமா என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் அந்த வயதுக்கு அனுமதி இல்லை. தடுப்புக்குப் பின்னால் நின்று லேப் எண்ணட்டும்.

அணைக்க வேண்டாம்

எலக்ட்ரானிக் உதவியைப் பற்றிக் கடைசியாக. ஏபிஎஸ்ஸைத் தொடவே தொடாதீர்கள். கார் சறுக்கிச் சுற்றாமல் காக்கும் ஸ்திரத்தன்மை அமைப்பை அணைத்தால் நன்றாகக் கற்கலாம் என்று சொல்கிறவர்கள், அணைத்துவிட்டு நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள். உங்களுக்கு அந்த அமைப்பின் விளக்குதான் பாடம். டேஷ்போர்டில் அது மினுக்கும் ஒவ்வொரு இடமும், உங்கள் கையோ காலோ அவசரப்பட்ட இடம். எந்தெந்த வளைவில் மினுக்கியது என்று செஷன் முடிந்ததும் எழுதி வையுங்கள். ஒரு முழு நாள் அது மினுக்காமல், அதே வேகத்தில் ஓட்ட முடிந்தால், அடுத்த நிலையான ஸ்போர்ட் அமைப்புக்குப் போகலாம். முழுவதும் அணைப்பதை ஈரமான, அகலமான, சுவரில்லாத பயிற்சித் திடலில் பயிற்சியாளரோடு செய்யுங்கள். பின்பக்கம் சுற்றும் உணர்வு அங்கே மெதுவான வேகத்திலேயே கிடைத்துவிடும்.

கார் பார்க்கப் போகும்போது சர்வீஸ் ரெக்கார்டு, விபத்துப் பழுது, டிஸ்க்கில் விரிசல், டயரின் தேய்மானம் எப்படி, இவற்றைப் பாருங்கள். டிராக்கில் ஓடிய கார் என்று விற்பவர் சொன்னால் உடனே ஓடி வந்துவிட வேண்டாம். பில்லோடு ஆயில் மாற்றிய டிராக் கார், ஒன்றும் செய்யாமல் வெயிலில் நின்ற காரைவிட நல்லதாக இருக்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் சுயேச்சையான ஒரு மெக்கானிக் லிஃப்ட்டில் ஏற்றிக் கீழே பார்க்கட்டும். அதற்கு சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

வரிசையாகச் செய்ய வேண்டுமென்றால், இந்த வாரம் இன்சூரன்ஸ் கேள்வியை எழுதி அனுப்புங்கள். அடுத்த டிராக் டேக்கு ஹேட்ச்பேக்கில் பிரேக் ஆயிலை மாற்றிக்கொண்டு போய், ஒரு பயிற்சியாளரை முழு நாளுக்குப் பதிவு செய்யுங்கள். அன்றைக்கு பார்க்கிங்கில் எம்எக்ஸ்-5, ஜிஆர்86 இரண்டும் அநேகமாக நிற்கும். ஹெல்மெட்டோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்று அவற்றின் உரிமையாளர்களிடம் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். எது தலையை இடிக்கவில்லையோ அதைத் தேடத் தொடங்குங்கள்.